புதிய கணினி முறை ஏழு மாதமாகியும் நிலைபெறவில்லை: குறை ஊழியர்களிடமா, முறையிலா?

கேள்வி கேட்டவர்: பண்டகசாலை மேற்பார்வையாளர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனத்தில் மூன்று பண்டகசாலைகள், கொள்முதல் பிரிவு, கணக்குப் பிரிவு ஆகிய அனைத்துக்கும் பொதுவாக ஓர் இருப்பு மேலாண்மை மென்பொருளை ஏழு மாதங்களுக்கு முன்பு நடைமுறைக்குக் கொண்டுவந்தோம். அதற்கு முன்பு ஒவ்வொரு பண்டகசாலையிலும் ஒரு பேரேடும், அதைப் பார்த்து மாதக் கடைசியில் தயாரிக்கும் எக்செல் கோப்பும் மட்டுமே இருந்தன. இந்த மென்பொருள் வேறு பல நிறுவனங்களில் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பது. வாங்கும் முன் நாங்களே இரண்டு இடங்களுக்குச் சென்று பார்த்தோம். எங்கள் ஆட்களுக்கு இரண்டு சுற்றுப் பயிற்சியும் அளிக்கப்பட்டது.

இன்று வரை நடப்பது என்னவென்றால், பண்டகசாலைக்காரர்கள் பகல் முழுவதும் வரவு, செலவு அனைத்தையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் அமர்ந்து அதைக் கணினியில் ஏற்றுகிறார்கள். இதனால் பகலில் கணினி காட்டும் இருப்பை யாராலும் நம்ப முடிவதில்லை. அடுக்கில் இருநூறு உருப்படிகள் இருக்கும்போது திரையில் பூஜ்யம் என்று வருகிறது. கொள்முதல் பிரிவினர் அதைப் பார்த்து மறுபடியும் வாங்கிவிடுகிறார்கள். பிறகு எங்களைக் குறை சொல்கிறார்கள்.

"நம் ஆட்கள் மாற்றத்தை விரும்பாதவர்கள்" என்று நிர்வாகம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது. மூன்று வாரத்துக்குள் காரணங்களை ஆராய்ந்து அறிக்கை தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அந்த முடிவையே நானும் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் இருபது ஆண்டுகளாக ஒரு போல்ட்டு கூடக் கணக்கில் தவறவிடாத மனிதர்களைப் பற்றி அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஓரிடத்தில் நன்றாக ஓடும் ஒரு முறை வேறோர் இடத்தில் ஏன் படுத்துவிடுகிறது? இதைப் பற்றி அனுபவமோ படிப்போ உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: முறைமைப் பகுப்பாய்வாளர்

உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த நோட்டுப் புத்தகம். ஒரே வேலையை ஒருவர் இரண்டு முறை செய்கிறார் என்றால், அதுவும் ஏழு மாதம் தொடர்ந்து செய்கிறார் என்றால், அவரைச் சோம்பேறி என்றோ மாற்றத்துக்கு அஞ்சுபவர் என்றோ சொல்வது பொருந்தாது. அவருக்குக் கணினி தராத ஏதோ ஒன்றை அந்த நோட்டு தருகிறது. அது என்ன என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் அறிக்கையின் முதல் வேலை.

இது புதிய செய்தியும் அன்று. 1983-இல் எம். லின் மார்க்கஸ் என்ற ஆய்வாளர், ஒரு பெரிய நிறுவனத்தில் நிதித் தகவல் முறை ஒன்று சந்தித்த எதிர்ப்பைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் படிக்கப்படுகிறது. அந்த நிறுவனத்தில் பிரிவுக் கணக்காளர்கள் அதுவரை தங்கள் கணக்கைத் தாங்களே வைத்துக்கொண்டு, தலைமையகத்துக்குச் சுருக்கத்தை மட்டும் அனுப்பி வந்தார்கள். புதிய முறை எல்லா விவரங்களையும் ஒரே தரவுத்தளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தலைமையகக் கணக்காளர்கள் நினைத்த நேரத்தில் திறந்து பார்க்க முடிந்தது. ஒரு பிரிவு, கூடுதல் உழைப்பு ஆகும் என்று தெரிந்தும், பழைய கணக்கு முறையைக் கைவிடாமல் புதியதோடு சேர்த்து நடத்திவந்தது. எதிர்ப்புக்கு மூன்று விதமாகக் காரணம் சொல்லலாம் என்கிறார் மார்க்கஸ். ஆட்களின் இயல்பில் குறை காண்பது ஒன்று, மென்பொருளின் வடிவமைப்பில் குறை காண்பது இன்னொன்று. மூன்றாவது, அந்த முறையும் அது நுழைந்த இடத்தின் அதிகார அமைப்பும் ஒன்றோடொன்று உரசும் விதத்தைப் பார்ப்பது. அந்த நிறுவனத்தில் நடந்ததை மூன்றாவது விளக்கமே சரியாக விளக்கியது: அதிகாரத்தைப் பெற்றவர்கள் முறையை வரவேற்றார்கள், இழந்தவர்கள் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களைத் தலைமையகத்துக்கு மாற்றியிருந்தால் அவர்களும் வரவேற்றிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, 1988-இல் ஜொனாதன் குரூடின் சுட்டிக்காட்டியது. பலர் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருள்களில் வேலை ஒருவருக்கும் பலன் இன்னொருவருக்கும் போய்விடுகிறது என்றார் அவர். கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் மென்பொருளை அவர் எடுத்துக்காட்டாகக் காட்டினார்: கூட்டம் கூட்டும் மேலாளருக்கு அது வசதி, ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால் கீழே உள்ள ஒவ்வொருவரும் தம் நாட்குறிப்பை ஓயாமல் கணினியில் எழுதிவைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் அவர்களுக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

ஆகவே மூன்று கேள்விகளோடு தொடங்குங்கள். உள்ளீடு செய்கிறவர் யார்? அந்த உள்ளீட்டால் பயன் பெறுகிறவர் யார்? உள்ளீடு தவறாகிப்போனால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? மூன்றுக்கும் ஒரே விடை வந்தால் கவலையில்லை. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் பண்டகசாலைக்காரர் என்றும், இரண்டாவதற்குக் கொள்முதல் பிரிவு என்றும் விடை வந்தால், எத்தனை சுற்றுப் பயிற்சி கொடுத்தாலும் நோட்டு போகாது.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேலாளர்

மேலே எழுதியவரின் படிப்பை மதிக்கிறேன். ஆனால் நடைமுறையில் நான் கண்டது வேறு. நாங்கள் புதிய முறைக்கு மாறியபோது பழையதற்கு இறுதி நாள் குறிக்கவே இல்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இரண்டு ஆண்டுகள் ஓடின. இரண்டு கணக்குகள் இருந்தால் இரண்டுமே தவறும். எது சரி என்ற வாக்குவாதத்திலேயே பொழுது போகும். ஒரு நாள் பழைய பேரேடுகளை எல்லாம் வாங்கிப் பூட்டினேன். இரண்டு வாரம் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். மூன்றாவது வாரம் வேலை நடந்தது. நோட்டைத் தடை செய்ய ஒரு தேதி குறியுங்கள் என்பதே என் ஆலோசனை. கண்டிப்பு இல்லாத இடத்தில் எந்த முறையும் வேர் பிடிக்காது.

மறுமொழி 3: தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

ஐயா சொன்னபடி பழைய முறைக்கு ஒரு முடிவு நாள் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் நோட்டு எதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமலே அதைப் பிடுங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் துறையில் மிகவும் வருத்தமான ஒரு சான்று இருக்கிறது. "ஓரிடத்தில் ஓடுவது வேறோர் இடத்தில் ஏன் படுக்கிறது" என்ற உங்கள் கேள்விக்கும் அதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை 2002 அக்டோபரில், மருத்துவர்கள் மருந்தையும் பரிசோதனையையும் கணினி வழியே எழுதும் முறையை ஆறே நாட்களில் மருத்துவமனை முழுவதும் கொண்டுவந்தது. வேறு மருத்துவமனைகளிலிருந்து அவசரமாக அங்கு கொண்டுவரப்பட்ட 1,942 குழந்தைகளின் விவரங்களை, முறை வருவதற்கு முந்தைய 13 மாதங்கள், பிந்தைய 5 மாதங்கள் என்று பிரித்து ஆராய்ந்து, 2005-இல் அங்குள்ள மருத்துவர்களே வெளியிட்டார்கள். இறப்பு விகிதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக உயர்ந்திருந்தது.

ஏன் என்பதற்கு அவர்கள் சொன்ன விளக்கங்களை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. முன்பெல்லாம் குழந்தை ஆம்புலன்சில் வந்துகொண்டிருக்கும்போதே, தகவல் கிடைத்தவுடன், இங்கே மருந்துகளை எழுதித் தயாராக வைத்துவிடுவார்கள். புதிய முறையில் குழந்தை நேரில் வந்து சேர்ந்து பதிவு முடியும் வரை ஒரு மருந்தைக்கூட எழுத முடியாது. கையால் சில நொடிகளில் எழுதிவிடும் ஓர் ஆணையைக் கணினியில் பதிய ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆனது. பிரிவிலேயே இருந்த மருந்துகள் மத்திய மருந்தகத்துக்கு மாற்றப்பட்டதால், செவிலியர் கைநீட்டி எடுக்கக்கூடிய மருந்துக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. படுக்கையருகே நிற்க வேண்டிய மருத்துவரும் செவிலியரும் கணினியின் முன் நின்றார்கள்.

சியாட்டிலில் உள்ள குழந்தைகள் மருத்துவமனை இதே மென்பொருளைக் கொண்டுவந்தது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு விகிதம் 4.22 சதவீதத்திலிருந்து 3.46 சதவீதமாயிற்று. அந்தச் சிறு குறைவை மென்பொருளின் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உயரவில்லை என்பது தெளிவு. தீவிர சிகிச்சைக்கு அடிக்கடி தேவைப்படும் மருந்துத் தொகுப்புகளை அவர்கள் முன்கூட்டியே கணினியில் அமைத்து வைத்திருந்தார்கள்.

முன்னும் பின்னும் ஒப்பிடும் ஆய்வை வைத்துக்கொண்டு இறப்புகளை எல்லாம் மென்பொருளின் தலையில் கட்டிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும்; இந்த ஆய்வு பற்றிய விவாதங்களும் நிறைய உண்டு. ஆனாலும், "குழந்தை வரும் முன்பே எழுதி வைப்போம்" என்பது எந்த விதிமுறைப் புத்தகத்திலும் கொட்டை எழுத்தில் இருந்திருக்காது. அது வேலை செய்கிறவர்களின் கையில் இருந்த பழக்கம். வடிவமைத்தவர்கள் கண்ணில் அது படவில்லை. உங்கள் பண்டகசாலையிலும் அப்படி ஒன்று இருக்கலாம். தயவுசெய்து அறிக்கை எழுதும் முன் சில நாட்கள் அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கே ஒரு தனிச் செய்தியாகத் தோன்றாது.

மறுமொழி 4: நிரலாளர்

எல்லாவற்றையும் மனிதர்கள், அதிகாரம், பழக்கம் என்று கொண்டுபோய் முடிப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மென்பொருளே பழுதாக இருந்து, பழியை "மாற்ற மேலாண்மை சரியில்லை" என்ற சொல்லுக்குள் புதைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வகைத் தோல்விகளும் ஒன்பது நாள் இடைவெளியில் ஒரே முறைக்கு நேர்ந்த வரலாறு ஒன்று உண்டு.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26 அன்று, வாகனங்களை அனுப்பும் வேலையைக் காகிதச் சீட்டுகளிலிருந்து கணினிக்கு முழுவதுமாக மாற்றியது. எந்த வாகனம் எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்பது கணினிக்கு எப்போதும் துல்லியமாகத் தெரியும் என்ற நம்பிக்கையின் மேல் அந்த வடிவமைப்பே நின்றது. வானொலித் தொடர்பு எட்டாத இடங்கள் இருந்தன. அவசரத்தில் ஓட்டுநர்கள் தவறான பொத்தானை அழுத்தினார்கள். கணினியிடம் இருந்த படம் மெல்ல மெல்லப் பொய்யானது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. வேறிடத்தில் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் மறுபடி மறுபடி அழைத்தார்கள். எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து திரையிலிருந்து நகர்ந்து மறைந்தன. மறுநாள் பிற்பகல் பாதிக் கைமுறைக்குத் திரும்பினார்கள். 1993-இல் வெளியான விசாரணை அறிக்கை, அந்த இரண்டு நாட்களிலும் தொழில்நுட்ப அளவில் கணினி பழுதாகவில்லை, பெரும்பாலும் வடிவமைத்தபடியே வேலை செய்தது என்று சொல்கிறது. வடிவமைப்பில்தான் ஆழமான குறைகள் இருந்தன.

நவம்பர் 4 அதிகாலையில் நடந்ததோ வேறு. ஒவ்வொரு முறை வாகனத்தை அனுப்பும்போதும் சேவையகத்தின் (மையக் கணினியின்) நினைவகத்தில் ஒரு சிறு பகுதி எடுக்கப்பட்டு, திருப்பித் தரப்படாமல் போய்க்கொண்டிருந்தது. முழு மாற்றத்துக்கு முன்பே நிரலில் கவனக்குறைவாக விடப்பட்ட ஒரு துண்டு அதற்குக் காரணம். மூன்று வாரங்களில் நினைவகம் நிரம்பி, முறை உறைந்துபோனது. மாற்றுச் சேவையகத்துக்குத் தாவும் ஏற்பாடு அப்போதைய நிலையில் சோதிக்கப்படவே இல்லை. இதற்கு ஓட்டுநரையோ கட்டுப்பாட்டு அறை ஊழியரையோ எந்தக் கோட்பாட்டைக் கொண்டும் குறை சொல்ல முடியாது.

இது பழைய காலத்துக் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய முறைக்கு மாற்றியபோது, ஏறத்தாழ 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். இணைந்து இயங்க வேண்டிய இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை (பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் தாங்குமா என்று பார்ப்பது) நடந்திருந்தது என்று பின்னர் வந்த ஆய்வறிக்கை தெரிவித்தது.

ஆகவே கேள்வி கேட்டவரிடம் என் வேண்டுகோள்: திரை ஒன்றைத் திறக்க எத்தனை நொடி ஆகிறது, சேமிப்பு எத்தனை முறை தவறுகிறது, பழைய எக்செல் கோப்பிலிருந்து கொண்டுவந்த இருப்புத் தரவில் எத்தனை உருப்படிகளுக்கு இரட்டைக் குறியீடு இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். இவற்றை எண்ணாமல் மனித மனத்தை ஆராயத் தொடங்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர் (ஒன்பது நாட்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் நன்றி. செவிலியர் அம்மையார் சொன்னபடி நான்கு முழு நாட்கள் முதல் பண்டகசாலையில் அமர்ந்திருந்தேன். நிரலாளர் சொன்னதையும் எண்ணினேன். திரை திறக்கும் வேகம் ஏற்றுக்கொள்ளக்கூடியதாகவே இருக்கிறது. இரட்டைக் குறியீடு உள்ள உருப்படிகள் மட்டும் நிறைய இருக்கின்றன, அது தனியே திருத்த வேண்டிய வேலை. ஆனால் நோட்டுக்கு உண்மையான காரணம் நான் கனவிலும் நினைக்காத இடத்தில் இருந்தது.

சரக்கு வரவுத் திரையில் முதல் கட்டம் கொள்முதல் ஆணை எண். அது இல்லாமல் மேற்கொண்டு நகர முடியாது. எங்கள் கொள்முதல் பிரிவு அவசரச் சரக்குகளைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஆணையை ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கணினியில் உருவாக்குகிறது. சரக்கு மறுநாளே வாசலில் வந்து நிற்கிறது. ஆணை எண் இல்லாததால் வரவைப் பதிய முடியாது; வரவு பதியாததால் கணினியில் இருப்பு பூஜ்யம்; இருப்பு பூஜ்யம் என்பதால், இயந்திரம் நின்றுபோய்ப் பொருளுக்கு ஓடிவரும் ஆளுக்குக் கொடுத்ததையும் பதிய முடியாது. பண்டகசாலைக்காரர் என்ன செய்வார்? நோட்டில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடுக்கிறார். குழந்தை வந்து சேரும் முன் மருந்து எழுத முடியாத அந்தச் செய்தியைப் படித்த மறுநாளே இதை நேரில் பார்த்தபோது நான் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். எங்களைப் பற்றிப் புகார் சொல்லும் பிரிவின் தாமதம்தான் எங்கள் ஒழுங்கீனமாகத் திரையில் தெரிகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். ஒரு பதிவைத் திருத்த வேண்டுமானால் மேலாளரின் ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு திருத்தமும் மாத இறுதியில் பதிந்தவரின் பெயரோடு "பிழைகள்" என்ற தலைப்பில் பட்டியலாக அச்சாகிறது. அதனால் யாரும் பகலில் நேரடியாகப் பதியத் துணிவதில்லை. நோட்டில் சரிபார்த்துக்கொண்டு, தவறில்லாமல் மாலையில் ஏற்றுகிறார்கள். மூத்த பண்டகசாலைக்காரர் ஒருவரின் நோட்டில் "யார் சொல்லி எடுத்தது" என்று ஒரு பத்தி இருக்கிறது. கணினியில் அப்படி ஒரு கட்டமே இல்லை. எதற்கு இதை எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "நாளைக்குக் குறைவு வந்தால் என்னைத்தானே கேட்பீர்கள்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மறுமொழி 5: உள்தணிக்கையாளர்

அந்தப் பெரியவரின் பத்தியைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். கணினிக் கணக்கில் குறைவு வந்தால் அதைக் கையாண்டவரே பொறுப்பு என்ற விதியும், கணினி தவறாது என்ற நம்பிக்கையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை பிரிட்டன் அஞ்சலகங்களின் ஹொரைசன் வழக்கு உலகத்துக்குக் காட்டியது. 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் நிறுவப்பட்ட அந்தக் கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. கிளையை நடத்தியவர்கள் தங்கள் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்டினார்கள். 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-இல் தனிச் சட்டம் இயற்றியே பலரின் தண்டனைகளை நீக்க வேண்டியிருந்தது. நிறுவனம் அதைத் தோல்வி என்று ஒப்புக்கொள்ளாமலே இத்தனை ஆண்டுகள் ஓட்டியது என்பதுதான் எனக்கு மிகப் பெரிய அச்சம்.

தணிக்கையாளராகச் சொல்கிறேன்: அந்த நோட்டு உங்கள் கட்டுப்பாட்டு முறையின் ஒரு பகுதி. அதைப் பறிக்கும் முன் அது செய்யும் வேலையைக் கணினிக்குள் கொண்டுவாருங்கள். எடுத்தவர் பெயர், சொன்னவர் பெயர் என்று இரண்டு கட்டங்களைச் சேர்ப்பது பெரிய செலவில்லை. "பிழைகள்" பட்டியலில் பதிந்தவரின் பெயரை எடுத்துவிட்டு, எந்தத் திரையில் திருத்தம் அதிகம் வருகிறது என்று தொகுத்தால், அது ஆளைத் தண்டிக்கும் பட்டியலாக இல்லாமல் திரையைச் செப்பனிடும் பட்டியலாக மாறும்.

மறுமொழி 6: சம்பளப் பிரிவு அலுவலர்

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். உங்கள் மூத்த பண்டகசாலைக்காரர்களை விருப்ப ஓய்வில் அனுப்பும் எண்ணம் நிர்வாகத்துக்கு இருந்தால், அதை உடனே தள்ளிப்போடச் சொல்லுங்கள். புதிய முறை வருவதால் மிச்சமாகும் என்று எதிர்பார்க்கும் செலவை, முறை ஓடத் தொடங்கும் முன்பே கணக்கில் கழித்துவிடுவது நான் கண்டவற்றில் மிகக் கொடிய தவறு.

கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள முறையை என் துறையில் எல்லாரும் அறிவார்கள். 80,000-க்கும் மேற்பட்ட சம்பள விதிகளைக் கையாள வேண்டிய முறை அது. பல துறைகளில் பரவியிருந்த ஏறத்தாழ 1,200 சம்பள ஆலோசகர் பணியிடங்களை நீக்கிவிட்டு, மிராமிச்சி என்ற ஊரில் ஏறத்தாழ 550 பேர் கொண்ட ஒரே மையத்தை அமைத்தார்கள். வரவுசெலவுக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக, முன்தேதியிட்ட சம்பளத்தைக் கணக்கிடுவது போன்ற 100-க்கும் மேற்பட்ட செயற்பாடுகளை நீக்கினார்கள் அல்லது ஒத்திவைத்தார்கள். முன்னோட்டச் சோதனையையும் கைவிட்டார்கள். 2016 பிப்ரவரியில் முறை தொடங்கியது. லட்சக்கணக்கான அரசு ஊழியர்களில் சிலருக்குக் குறைவாகவும், சிலருக்கு அதிகமாகவும், சிலருக்கு ஒன்றுமே இல்லாமலும் சம்பளம் வந்தது. திருத்துவதற்கு விதிகளை அறிந்தவர்கள் வேண்டும். அவர்கள் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டார்கள். 2018-இல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் இதைப் புரிந்துகொள்ளவே இயலாத தோல்வி என்று குறிப்பிட்டார்.

எனக்கு இது செய்தித்தாளில் படித்த விஷயம் மட்டும் அன்று. நான் முன்பு வேலை பார்த்த இடத்திலும் சம்பள மென்பொருள் மாறியபோது, விடுப்புக் கணக்கின் எல்லா விதிவிலக்குகளையும் மனப்பாடமாக வைத்திருந்த அக்கா ஒருவர் முந்தைய மாதமே விடைபெற்றிருந்தார். ஆறு மாதம் கழித்து அவரையே அன்றாட ஊதியத்தில் திரும்ப அழைத்தார்கள்.

மறுமொழி 1 எழுதியவர்: முறைமைப் பகுப்பாய்வாளர்

கேள்வி கேட்டவரின் நான்கு நாட்கள் என்னுடைய மூன்று கேள்விகளைவிட அதிகம் சொல்லிவிட்டன. முதல் மறுமொழியில் நான் அதிகாரத்தைப் பற்றியே பேசினேன். வேலை நடக்கும் வரிசையைப் பற்றிக் கேட்கத் தவறிவிட்டேன். உங்கள் இடத்தில் சரக்கு முதலில், ஆணை பிறகு. மென்பொருளில் ஆணை முதலில், சரக்கு பிறகு. உங்கள் முன் இருக்கும் தேர்வு, எந்த வரிசையை மாற்றுவது என்பதுதான்.

இங்கே எச்சரிக்கையாக இருங்கள். மென்பொருளை எங்கள் வழக்கத்துக்கு ஏற்ப வளைப்போம் என்று தொடங்கினால் அதற்கு எல்லையே இராது. ஜெர்மனியின் லிடில் சில்லறை வணிக நிறுவனம் ஒரு பெரிய வணிக மென்பொருளை 2011-இல் தொடங்கி, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவிட்ட பின் 2018-இல் கைவிட்டது. அந்த மென்பொருள் இருப்பை விற்பனை விலையில் மதிப்பிடுவது. லிடிலோ கொள்முதல் விலையில் மதிப்பிட்டு வந்தது. அந்தப் பழக்கத்தை விடாமல் மென்பொருளைத் திருத்திக்கொண்டே போனது தோல்விக்கு ஒரு முக்கியக் காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. மறுபுறம், வளையவே மாட்டோம் என்று நின்றால் பிட்ஸ்பர்க்கில் நடந்ததுதான் நடக்கும்.

என் கருத்தில், உங்கள் கொள்முதல் பிரிவு அவசர ஆணையைத் தொலைபேசி வைத்த அதே மணி நேரத்துக்குள் கணினியில் உருவாக்க முடியும். அது வழக்கம், தேவை அன்று. அங்கே பழக்கத்தை மாற்றுங்கள். ஆனால் இயந்திரம் நின்றுகொண்டிருக்கும்போது பொருளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது தேவை. அங்கே மென்பொருள்தான் வளைய வேண்டும், தற்காலிக எண் ஒன்றில் வரவைப் பதிந்து பின்னர் ஆணையோடு இணைக்கும் வசதி இத்தகைய மென்பொருள்கள் பலவற்றில் உண்டு.

மறுமொழி 2 எழுதியவர்: ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேலாளர்

நான் பேரேடுகளைப் பூட்டியபோது மூன்றாவது வாரம் வேலை நடந்தது என்று எழுதினேன். எப்படி நடந்தது என்று அன்றைக்கு நான் விசாரிக்கவில்லை. இந்த இழையைப் படித்தபின் அப்போது என்னிடம் வேலை பார்த்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். ஒரு வருடம் வரை சட்டைப்பையில் சிறு குறிப்பேடு வைத்திருந்ததாகச் சொன்னார். பழைய முறைக்கு இறுதி நாள் வேண்டும் என்ற கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த நாளை நிர்வாகம் குறிக்கக் கூடாது, நோட்டு இனித் தேவையில்லை என்று பண்டகசாலைக்காரர் சொன்ன பிறகு குறிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அறிக்கையை நேற்று கொடுத்துவிட்டேன். மாற்றத்தை விரும்பாதவர்கள் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. முதல் பக்கத்தில், ஒரே ஒரு சரக்கு வாசலுக்கு வந்த நேரம், அதன் ஆணை கணினியில் உருவான நேரம், அது இயந்திரத்துக்குப் போன நேரம் ஆகிய மூன்றையும் நோட்டிலிருந்தும் கணினியிலிருந்தும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கொள்முதல் பிரிவுத் தலைவர் முதலில் மறுத்தார். பிறகு நோட்டைக் கொண்டுவரச் சொல்லித் தாமே புரட்டிப் பார்த்தார்.

முதல் பண்டகசாலையில் மட்டும் தற்காலிக எண் வசதியையும், எடுத்தவர், சொன்னவர் கட்டங்களையும் இரண்டு மாதம் நடத்திப் பார்க்க ஒப்புதல் கிடைத்திருக்கிறது. "பிழைகள்" பட்டியல் பற்றி இன்னும் முடிவாகவில்லை. மற்ற இரண்டு பண்டகசாலைகளிலும் அதுவரை நோட்டு தொடரும் என்று எழுத்திலேயே கேட்டு வாங்கியிருக்கிறேன். இரண்டு மாதம் கழித்து இங்கே வந்து எழுதுகிறேன்.